பச்சோந்திக்குக் கூண்டு வேண்டாம், உயிர்வேலி போதும்!

வேலி வெட்டும் காலம் வந்துவிட்டால் விவசாயிகளிடமிருந்து எனக்கு ஒரே மாதிரியான போன் அழைப்புகள் வரும். “வேலியில ஒரு பச்சோந்தி கிடைச்சுதுங்க. பையன் வளர்த்தணும்னு அடம்பிடிக்கிறான். கோழிக் கூண்டுல போட்டு வெச்சிருக்கோம். என்ன தீனி போடலாம்?” இப்படிக் கேட்ட வீட்டிலிருந்தே இரண்டு மூன்று நாளில் மறுபடியும் அழைப்பார்கள். “எதையும் தின்ன மாட்டேங்குதுங்க. தண்ணி வெச்சும் குடிக்கல. உடம்பெல்லாம் கருத்துப்போச்சு.”

அந்தக் கருத்த நிறம் ஒரு எச்சரிக்கை. பயமும் நெருக்கடியும் அதிகமாகும்போது பச்சோந்தியின் உடல் அப்படி மாறும். அதே நிலையில் கூண்டில் வைத்திருந்தால் பிழைப்பது கடினம். பச்சோந்திக்கு என்ன தேவை, அதைக் கூண்டில் கொடுப்பது ஏன் கடினம், உங்கள் வேலியிலேயே அதை எப்படி வாழவைக்கலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பச்சோந்தியா, ஓணானா?

பலர் ஓணானையே பச்சோந்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓணான் வேகமாக ஓடும், தலையை மேலும் கீழும் ஆட்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவக்கும். பச்சோந்தியை அடையாளம் காண இவற்றைக் கவனியுங்கள்:

• உடல் இரண்டு பக்கமும் அழுத்தியதுபோல் இலை மாதிரி தட்டையாக இருக்கும்.
• வாலைச் சுருட்டி, கிளையைப் பிடித்துக்கொள்ளும்.
• விரல்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, இடுக்கி போலக் கிளையைக் கவ்வும்.
• கண்கள் கூம்பு போலப் புடைத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுழலும்.
• காற்றில் இலை ஆடுவதுபோல முன்னும் பின்னும் அசைந்து மெதுவாக நடக்கும்.

நம் ஊரில் இருப்பது இந்தியப் பச்சோந்தி. தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் புதர்களிலும் வேலிகளிலும் வாழ்கிறது. இலங்கையிலும் உண்டு.

பிடித்து வளர்ப்பது குற்றம்

இந்தியப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதைப் பிடிப்பது, வீட்டில் அடைத்து வைப்பது, விற்பது, கொல்வது எல்லாமே குற்றம். சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. “என் வேலியில்தானே இருந்தது” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பட்டா நிலம் உங்களுடையது, அதில் வாழும் காட்டுயிர் உங்களுடையது அல்ல.

மருந்துக்கு, மாந்திரீகத்துக்கு என்று யாராவது பணம் தருவதாகச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கூடவே வனத்துறைக்கும் தகவல் சொல்லுங்கள்.

பிள்ளைகள் செல்போன் வீடியோவில் பார்ப்பது பெரும்பாலும் ஏமன், மடகாஸ்கர் பகுதிகளைச் சேர்ந்த வெளிநாட்டுப் பச்சோந்திகள். மற்ற நாடுகளில் அவற்றைப் பண்ணைகளில் குஞ்சு பொரிக்கவைத்து விற்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் வேலியில் இருப்பதைப் பிடித்து வளர்ப்பது சரியல்ல.

அதற்கு உண்மையில் என்னென்ன தேவை?

வெளிநாட்டில் முறையாக வளர்ப்பவர்கள் செய்யும் ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால், நம் கோழிக் கூண்டில் அது ஏன் சாகிறது என்பது விளங்கும்.

இடம்: அகலத்தைவிட உயரம் முக்கியம். நன்கு வளர்ந்த ஒரு பச்சோந்திக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரத்தில் வலைக் கூண்டு வைக்கிறார்கள். நான்கு பக்கமும் காற்றோட்டம் இருக்க வேண்டும். உள்ளே உயிருள்ள செடியும், பல மட்டங்களில் கிளைகளும் வேண்டும். ஒளிந்துகொள்ள இலை இல்லாவிட்டால் அது நாள் முழுக்கப் பயத்திலேயே இருக்கும்.

வெப்பம்: கோழி, மாடு போல இது தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. காலையில் வெயிலில் காய்ந்து சூடேறும், வெயில் ஏறியதும் நிழலுக்குப் போகும். கூண்டில் ஒரு மூலையில் பல்பு வைத்து அந்த இடத்தில் மட்டும் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வரவைத்து, மற்ற இடங்களைக் குளிர்ச்சியாக வைக்கிறார்கள். நாம் கூண்டை முற்றத்து வெயிலில் வைத்தால் நிழலுக்குப் போக வழியில்லாமல் சில மணி நேரத்திலேயே செத்துப்போகும்.

ஒளி: வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் அதன் உடலில் வைட்டமின் டி உண்டாகும். அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. எலும்பு வளைந்து, தாடை மென்மையாகி, இரையைப் பிடிக்க முடியாமல் போகும். இதற்காகத் தனி விளக்கு வாங்கி தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியவிடுகிறார்கள். முட்டைக்கோழிக்குக் கிளிஞ்சல் தூள் கொடுப்பதுபோல, இரைப் பூச்சிகள் மேல் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவிக் கொடுக்கிறார்கள்.

தண்ணீர்: கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் தங்கிய பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் குடிக்கும். எனவே கூண்டில் தினமும் பலமுறை தெளிப்பான் கொண்டு இலைகளை நனைக்க வேண்டும். கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தும் தாகத்தில் வாடுவதற்கு இதுதான் காரணம்.

தீனி: சோறு, கீரை, தானியம் எதையும் தொடாது. அசையும் பூச்சிதான் இரை. இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் திருப்பிக் குறிபார்த்து, கிட்டத்தட்ட உடல் நீளத்துக்கு நாக்கை நீட்டி, நுனியில் ஒட்டவைத்து இழுத்துக்கொள்ளும். செத்த பூச்சியைப் போட்டால் பெரும்பாலும் பார்க்கக்கூட மாட்டாது.

தனிமை: இது கூட்டமாக வாழும் உயிர் அல்ல. ஒரே கூண்டில் இரண்டைப் போட்டால் சண்டை வரும். தோற்றது தீனி எடுக்காமல் இளைத்துவிடும். கையில் எடுத்துக் கொஞ்சுவதையும் அது விரும்பாது.

முட்டையிட மண்: பெண் பச்சோந்தி மரத்தை விட்டு இறங்கி, இளகிய மண்ணில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். ஒரு ஈட்டில் பத்துக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். குஞ்சு வெளிவர மாதக்கணக்கில் ஆகும். குழி தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றுக்குள்ளேயே தங்கி, தாயே இறந்துபோகும்.

இந்த ஏழையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். உயரம், இலை மறைவு, வெயில், நிழல், பனித்துளி, பூச்சி, இளகிய மண். இவை எல்லாம் ஒரு நல்ல உயிர்வேலியில் செலவில்லாமல் கிடைக்கின்றன.

உயிர்வேலியை அமைக்கும் முறை

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடு மாடு தாண்டாமல் இருக்கப் போட்ட அந்த வேலி, பல சிற்றுயிர்களுக்கும் வீடாக இருந்து வருகிறது. புதிதாக வேலி அமைப்பவர்களும், பழைய வேலியைச் சீர் செய்பவர்களும் கீழ்க்கண்டவற்றைப் பின்பற்றலாம்.

1. மழைக்கு முன்பாகக் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட வேண்டும்.
2. கிளுவை கோடையில் இலை உதிர்த்துவிடும். அப்போது பச்சோந்திக்கு மறைவு இருக்காது. இடையிடையே நொச்சி, ஆடாதோடை வையுங்கள். இரண்டையும் ஆடு கடிக்காது. அவற்றின் இலை பூச்சிவிரட்டிக் கசாயத்துக்கும் உங்களுக்குப் பயன்படும்.
3. ஒரு சில இடங்களில் வேம்பு, பூவரசு போன்ற மரங்களை வளரவிடுங்கள். வேலியும் மரமும் கிளையால் தொட்டுக்கொண்டிருந்தால் பச்சோந்தி தரையில் இறங்காமலே இடம் மாறும். தரையில் அதன் நடை மிகவும் மெதுவானது. நாய், பூனை, வண்டிச் சக்கரம் எல்லாவற்றிலும் அங்கேதான் மாட்டும்.
4. வேலியின் அடியில் ஓரிரு அடி அகலத்துக்கு மண்ணை உழாமல், கொத்தாமல் விடுங்கள். முட்டையிட அந்த இடம் வேண்டும்.
5. கம்பி வேலி போட்டே ஆகவேண்டும் என்றால் போடுங்கள். ஆனால் பழைய உயிர்வேலியை வேரோடு பிடுங்காமல் உள்பக்கம் விட்டுவையுங்கள்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

• வேலி முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி என்று வெட்டினால், வெட்டாத பக்கத்துக்கு உயிர்கள் நகர்ந்துகொள்ளும்.
• வேலியடிக் குப்பைக்கும் காய்ந்த புல்லுக்கும் தீ வைக்காதீர்கள். பச்சோந்தியால் ஓடித் தப்பிக்க முடியாது.
• வேலியில் களைக்கொல்லி அடிக்க வேண்டாம். பயிருக்கு மருந்து தெளிக்கும்போதும் காற்று வேலிப் பக்கம் அடிக்கிறதா என்று பார்த்துத் தெளியுங்கள். மருந்து பட்ட இலையிலிருந்துதான் அது தண்ணீர் குடிக்கிறது, மருந்து பட்ட பூச்சியைத்தான் தின்கிறது.
• சீமைக்கருவேலைப் பொக்லைன் வைத்து எடுப்பதாக இருந்தால், முதல்நாளே ஒருமுறை புதரைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, மறுபக்கம் உயிர்கள் வெளியேற வழிவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.
• மண் எடுக்கும்போது வெள்ளை முட்டைகள் தென்பட்டால் உருட்டவோ திருப்பவோ கூடாது. இருந்த நிலையிலேயே அதே மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள்.

வெட்டும்போது பச்சோந்தி கண்ணில் பட்டால்

வேலையைச் சற்று நிறுத்துங்கள். அதைப் பிடித்து இழுக்காதீர்கள். கிளையை அது கெட்டியாகப் பிடித்திருக்கும், இழுத்தால் விரலோ வாலோ முறியலாம். ஒரு நீளக் குச்சியை அதன் முன்கால் அருகில் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். அல்லது அது இருக்கும் கிளையையே வெட்டி, அப்படியே எடுத்துச் சென்று வெட்டாத பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

பல கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் கொண்டுபோய் விடுவது நல்லதல்ல. தெரியாத இடத்தில் அதற்கு மறைவும் தெரியாது, இரை இருக்கும் இடமும் தெரியாது. சாலையைக் கடப்பதைப் பார்த்தால், அது போகும் திசையிலேயே சாலையோரச் செடியில் ஏற்றிவிடுங்கள்.

அடிபட்டிருந்தால்

இந்த ஒரு நிலையில் மட்டும் தற்காலிகமாகப் பெட்டி தேவைப்படும். ஓர் அட்டைப்பெட்டியில் காற்றுக்குத் துளைகள் போட்டு, பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு குச்சியைக் குறுக்காகச் செருகுங்கள். அதில் விட்டு, மேலே துணியால் மூடி, நிழலில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், தீனி திணிக்காதீர்கள், மஞ்சள் போன்ற எதையும் பூசாதீர்கள். உடனே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். “சரியாகும்வரை நாமே வைத்துக்கொள்வோம்” என்ற எண்ணம் நல்லெண்ணமாக இருந்தாலும், சட்டப்படி உங்களுக்கும் உடலளவில் அதற்கும் ஆபத்துதான்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

பச்சோந்திக்கு விஷம் உண்டா?
கிடையாது. நெருங்கினால் உடலை உப்பவைத்து, வாயைப் பிளந்து, சீறும். கையில் எடுத்தால் கடிக்கவும் செய்யும். அது மிரட்டல் மட்டுமே. விஷம் என்று நினைத்து அடித்துக் கொல்வது வீண்பழி.

எந்த நிறத்தில் வைத்தாலும் அந்த நிறமாக மாறுமா?
மாறாது. சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகாது. வெப்பம், வெளிச்சம், பயம், கோபம், இணை சேரும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்துத்தான் நிறம் மாறும். வேடிக்கைக்காக நிறம் மாற்றிக் காட்டுவது அதைத் துன்புறுத்துவதே.

பயிருக்கு இதனால் நன்மை உண்டா?
வெட்டுக்கிளி, ஈ, வண்டு, அந்துப்பூச்சி போன்றவற்றைத் தின்னும். ஆனால் பச்சோந்தி இருந்தால் மருந்துச் செலவே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நன்மை செய்யும் பூச்சி கிடைத்தாலும் அது தின்னும். வேலியில் சிலந்தி, தேனீ, குருவி, தவளை, பச்சோந்தி எல்லாம் சேர்ந்து வாழும்போதுதான் பூச்சிகளுக்குள் ஒரு சமநிலை இருக்கும். பச்சோந்தி தங்கும் அளவுக்கு வேலி நன்றாக இருந்தால், மற்றவையும் அங்கே வாழ வாய்ப்பு உண்டு.

பிள்ளைகள் கேட்டால் என்ன செய்வது?
“தொடாதே” என்று விரட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். காலை வெயில் ஏறும் நேரத்தில் வேலிக்கு அழைத்துப்போய், நான்கைந்து அடி தள்ளி நின்று காட்டுங்கள். கண் தனித்தனியாகச் சுழல்வதையும், நாக்கு நீண்டு பூச்சியைப் பிடிப்பதையும் ஒருமுறை பார்த்த பிள்ளை பிறகு கல்லெடுத்து எறியாது.

இப்போதே கூண்டில் வைத்திருக்கிறீர்களா? இரவில் வெளியே விடாதீர்கள். நாளை காலை வெயில் வந்ததும், பிடித்த அதே வேலியில், இலை அடர்ந்த கிளையில் ஏற்றிவிடுங்கள். சோர்ந்தோ காயப்பட்டோ இருந்தால் வனச்சரக அலுவலகத்தை அழையுங்கள். உயிர்வேலி அமைப்பது பற்றிய விவரங்களுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.