கிடுகுக் கூரையும் ஓர் இளம் நண்பனின் நினைவும்



வயது முதிர்ந்தவர் மவ்த்தானால், நிறைவாக வாழ்ந்தார் என்று கூறி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். இருபத்து மூன்றே வயதான இளைஞனின் ஜனாஸாவைச் சுமந்து செல்கையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அத்தகைய சுமையைத் தோளில் ஏந்தியவன் என்ற முறையில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மதுரைக்கு வடக்கே, அழகர்மலை அடிவாரத்தில் என் நண்பனின் அத்தாவுக்குச் சிறிய மாந்தோப்பு ஒன்று உண்டு. காய்ப்புக் காலத்தில் காவலிருக்க அங்கே ஒரு குடிசை. "மழைக்கு முன்னால் கூரையை மாற்ற வேண்டும், வந்து கைகொடு" என்று அவன் புரட்டாசியில் அழைத்தான். அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன். ஐப்பசியில் காய்ச்சல் கண்டது. பத்து நாட்களில் அவன் இறைவனிடம் மீண்டுவிட்டான். கபரில் மூன்று பிடி மண் இட்டுத் திரும்பியவன், அதன்பின் அவர்கள் வீட்டுத் தெருவில் நடப்பதையே தவிர்த்தேன். அவனுடைய அம்மாவின் முகத்தைப் பார்க்கும் துணிவு எனக்கில்லை.

கண்ணீர் விடுவது ஈமானுக்குக் குறைவோ என்று சிலர் ஐயுறுகின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் சிந்தினார்கள். கண் கலங்குவதையும் உள்ளம் வருந்துவதையும் அவர்கள் மறைக்கவில்லை. இறைவனுக்குப் பொருந்தாத சொல்லை மட்டுமே நாவிலிருந்து விலக்கினார்கள்.

முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். மக்காவின் செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர் ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) உஹதுப் போரில் ஷஹீதானார். கபனிட இருந்தது ஒரே துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, கால்களை 'இத்கிர்' புல்லால் மறைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பின்னாளில் செல்வந்தராகிவிட்ட தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), நோன்பு திறக்க உணவு வைக்கப்பட்டபோது இதை நினைத்து அழுதார், உணவைத் தொடவில்லை.

இத்கிர், நம் எலுமிச்சைப் புல்லின் இனத்தைச் சேர்ந்த நறுமணப் புல். மக்காவின் புனித எல்லைக்குள் செடிகொடிகளை வெட்டக்கூடாது என்று நபியவர்கள் அறிவித்தபோது, வீடுகளுக்கும் கபர்களுக்கும் தேவைப்படும் அப்புல்லுக்கு விலக்குக் கேட்டார் அப்பாஸ் (ரலி). நபியவர்களும் விலக்கு அளித்தார்கள். உயிரோடிருப்பவர் கூரைக்கும், மறைந்தவர் குழிக்கும் ஒரே புல்! இதைப் படித்த அன்றுதான் எனக்கு அந்த மாந்தோப்புக் குடிசை நினைவுக்கு வந்தது.

மறுநாள் நண்பனின் தம்பியை அழைத்துக்கொண்டு தோப்புக்குச் சென்றேன். மழையில் நனைந்த பழைய கூரை மக்கிச் சரிந்திருந்தது. மலைக்காட்டில் மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம். ஆகவே தோப்பில் கழித்த கிளைகளையே பயன்படுத்தினோம். கவையுள்ள இரு கம்புகளை முழங்கால் ஆழத்தில் நட்டு, மண்ணை இறுக இடித்து, கவைகளின்மேல் முகட்டுக் கம்பை ஏற்றினோம். இருபுறமும் மூங்கில் வரிச்சுகளைக் கட்டினோம். சோழவந்தான் பக்கத்திலிருந்து வாங்கி வந்த தென்னங்கிடுகுகளை இறவாரத்திலிருந்து முகடு நோக்கி வேய்ந்தோம். மேல்வரிசை கீழ்வரிசையின் மீது படிந்தால்தான் நீர் உள்ளே இறங்காது வழிந்தோடும். ஐப்பசி, கார்த்திகைச் சாரல் வடகிழக்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கத்தைத் தாழ இறக்கினோம். சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டினோம்.

முகட்டுக் கம்பைப் பிடிக்க எதிர்முனையில் ஆள் வேண்டியிருந்தபோது, "அண்ணன் இருந்தால்..." என்று தொடங்கி அந்தத் தம்பி அழுதான். நானும் அழுதேன். பிறகு இருவரும் கயிற்றை இறுக்கினோம்.

மாலையில் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தாமதத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அம்மா சொன்னார்: "கூரை கிடக்கட்டும், தம்பி. அவனைப் பற்றிப் பேச யாரும் வருவதில்லை. நீயாவது வந்திருக்கலாமே!"

வாசகர்களே! ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி கிட்டியதும், அக்குடும்பத்தினருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பெரிய மனமிராது என்பதை அறிந்த கருணை அது. நம் மஹல்லாக்களில் முதல் மூன்று நாட்கள் கூட்டம் நிறைகிறது. அதன்பின் வாசல் வெறிச்சோடுகிறது. உங்கள் தெருவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருந்தால், இந்த வாரமே ஒருமுறை சென்று வாருங்கள். மறைந்தவனின் பெயரைச் சொல்லுங்கள். அவனுக்காக துஆச் செய்யுங்கள். நிறைவேறாத அவன் வேலை ஏதேனும் இருந்தால் கைகொடுங்கள்.

அல்லாஹ் அவனுடைய கபரை விசாலமாக்கி, ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.