பாம்புக்கடி மரணங்கள்: ஆஸ்பத்திரி கணக்கில் 1,200... வீடு வீடாகக் கேட்டால் 46 ஆயிரம்! எது உண்மை?

இந்தியாவில் ஒரு வருஷத்துக்கு எத்தனை பேர் பாம்பு கடித்து இறக்கிறார்கள்? சாதாரணக் கேள்விதான். ஆனால் 2011 வரைக்கும் இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் 1,300-ல் தொடங்கி 50,000 வரை போயின. கணக்கு இவ்வளவு தூரம் விலகி நின்றால், விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி வாங்குவது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைப்பது என்று யாரால் முடிவு செய்ய முடியும்?

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது ஒரு புதிய மருந்தோ, புதிய ஸ்கேன் மிஷினோ கிடையாது. கையில் படிவத்தோடு வீடு வீடாகப் போய், "உங்க வீட்ல இறந்தவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்ட ஒரு சர்வே.

ஆஸ்பத்திரி பதிவேட்டில் யார் பெயர் ஏறும்?

2003 முதல் 2015 வரை, 13 ஆண்டுகளில் அரசு மருத்துவமனைகளில் பதிவான பாம்புக்கடி மரணங்கள் சுமார் 15,500. ஆண்டுக்குச் சராசரியாகப் பார்த்தால் 1,200.

இந்த 1,200-ல் ஒருவராக ஏற வேண்டும் என்றால் பல விஷயங்கள் சரியாக நடந்திருக்க வேண்டும். பாம்பு கடித்தவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அவர் அங்கேயே இறந்திருக்க வேண்டும். காரணம் பாம்புக்கடி என்று சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தகவல் மாவட்டம், மாநிலம் தாண்டி டெல்லி வரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வயலில் இருந்து தூக்கி வரும் வழியிலேயே உயிர் போயிருந்தால்? மந்திரிப்பவரிடம் கூட்டிப்போய் நேரம் கடந்திருந்தால்? தனியார் மருத்துவமனையில் இறந்திருந்தால்? இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இதில் கட்டுவிரியன் ஒரு தனிக் கதை. ராத்திரியில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, கண் இமை சொருகுவது, மூச்சுத் திணறல் என்று தொடங்கும். விடிவதற்குள் முடிந்துபோனால், "தூக்கத்திலேயே போயிட்டார்" என்றுதான் ஊர் சொல்லும்.

ஒரு ஒப்பீட்டுக்கு: ஜோசப் ஃபேரர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1869-ம் ஆண்டுக்குத் திரட்டிய கணக்கில், பிரிட்டிஷ் இந்தியாவின் சுமார் பாதிப் பகுதியில் மட்டும் 11,416 பேர் பாம்பு கடித்து இறந்திருந்தார்கள். நூற்று முப்பது வருஷம் கழித்து முழு நாட்டுக்கும் 1,200 என்றால், பாம்புகள் திருந்திவிட்டன என்று அர்த்தமா என்ன?

வீட்டுக்கே போய்க் கேட்ட ஆய்வு

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் 'மாதிரிப் பதிவுத் திட்டம்' என்று ஒன்று இருக்கிறது. சுருக்கமாக எஸ்.ஆர்.எஸ். நாடு முழுக்கக் குலுக்கல் முறையில் சில ஆயிரம் பகுதிகளைத் தேர்வு செய்து, அங்குள்ள எல்லா வீடுகளிலும் பிறப்பு, இறப்பைத் தொடர்ந்து குறித்துக்கொண்டே வருவார்கள். குழந்தை இறப்பு விகிதம், பேறுகால இறப்பு விகிதம் என்று நாம் செய்தியில் பார்க்கும் எண்களில் பல இங்கிருந்துதான் வருகின்றன.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இதில் தெரியும். எதனால் இறந்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பதிவாளர் அலுவலகமும், டொராண்டோவைச் சேர்ந்த பேராசிரியர் பிரபாத் ஜா தலைமையிலான குழுவும் சேர்ந்து 'மில்லியன் டெத் ஸ்டடி'யைத் தொடங்கினார்கள். பத்து லட்சம் மரணங்களின் காரணத்தைத் தேடும் ஆய்வு. 1998 முதல் 2014 வரையிலான மரணங்களுக்காக, 24 லட்சம் வீடுகளில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் இதன் வட்டத்துக்குள் வந்தார்கள்.

அவர்கள் பயன்படுத்திய முறைக்குப் பெயர் வாய்மொழி உடற்கூராய்வு. கத்தி கிடையாது, பிணவறை கிடையாது. பயிற்சி பெற்ற களப்பணியாளர் இறந்தவரின் வீட்டுக்குப் போய், கூட இருந்தவரிடம் உட்கார்ந்து கேட்பார். காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாள்? மூச்சு வாங்கியதா? எங்கேயாவது அடிபட்டதா? எந்த டாக்டரிடம் காட்டினீர்கள்? ஆமாம், இல்லை என்று டிக் அடிப்பதோடு முடியாது. நடந்ததை வீட்டுக்காரர் தன் வார்த்தையில் சொல்லச் சொல்ல, அதை அப்படியே அவர்களுடைய மொழியில் அரைப் பக்கம், ஒரு பக்கம் எழுதிக்கொள்வார்.

களப்பணியாளர் டாக்டர் கிடையாது. எனவே நோய்க்குப் பெயர் வைப்பது அவர் வேலை இல்லை. அந்த எழுத்தைப் படித்து முடிவு செய்ய இரண்டு மருத்துவர்கள். ஒருவர் என்ன எழுதினார் என்று இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே காரணத்தைச் சொன்னால் அது பதிவாகும். இல்லாவிட்டால் மறுபரிசீலனை. அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவதாக ஒரு மூத்த மருத்துவர் தீர்ப்புச் சொல்வார்.

562 பேரில் இருந்து 45,900 எப்படி வந்தது?

நிறையப் பேருக்குச் சந்தேகம் வரும் இடம் இதுதான். 2001-03 காலத்தில் 6,671 பகுதிகளில் நடந்த சுமார் 1,23,000 மரணங்களை இந்தக் குழு ஆராய்ந்தது. அதில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 562 பேர். அப்புறம் எப்படி நாடு முழுக்க ஆண்டுக்கு 45,900 என்று அறிவிக்க முடியும்?

கணக்கு பெரிய சிக்கல் இல்லை. 562-ஐ 1,23,000-ஆல் வகுத்தால் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வரும். எந்தப் பகுதி எவ்வளவு மக்களுக்குப் பிரதிநிதி என்பதைச் சரிசெய்த பிறகு 0.47 சதவீதம். 2005-ம் ஆண்டில் இந்தியாவில் நடந்த மொத்த மரணங்கள் ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவு. அதில் 0.47 சதவீதம்தான் அந்த 45,900.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதேதான். ஆனால் சமைப்பவர்களுக்குத் தெரியும், அடுப்பு சரியாக எரியாவிட்டால் அடியில் குழைந்து, மேலே அரிசியாகவே நிற்கும். மேலாக ஒரு பருக்கை எடுத்தால் ஏமாந்துபோவோம். அதனால்தான் குலுக்கல். நகரத்தில் கொஞ்சம், மலையடிவாரத்தில் கொஞ்சம், நெல் வயலுக்கு நடுவில் கொஞ்சம் என்று பானையின் எல்லா இடத்தில் இருந்தும் பருக்கை எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி பதிவேடு செய்வது, பானையை விட்டுவிட்டு தட்டில் விழுந்த சோற்றை மட்டும் எண்ணுவது.

562 என்பது சின்ன எண். அடுத்த ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தால் 540 வந்திருக்கலாம், 590 வந்திருக்கலாம். எனவே ஆய்வாளர்கள் ஒற்றை எண்ணோடு நிறுத்தவில்லை. 40,900-லிருந்து 50,900 வரை என்று ஒரு எல்லையும் சொன்னார்கள். இதே முறையில் வேறு வேறு பகுதிகளைக் குலுக்கி எடுத்து 100 தடவை சர்வே செய்தால், சுமார் 99 தடவை உண்மையான எண் அந்தந்த சர்வே போடும் எல்லைக்குள் விழும் என்பது இதன் பொருள். அந்த எல்லையின் கீழ் முனையை எடுத்துக்கொண்டாலே, ஆஸ்பத்திரி கணக்கைவிட 30 மடங்குக்கு மேல்!

யார் இறந்தார்கள்?

97 சதவீத மரணங்கள் கிராமப்புறங்களில். ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழையும் நடவும் சேரும் மாதங்களில் உச்சம். கால்வாசிப் பேர் 15 முதல் 29 வயதுக்குள். மருத்துவமனையில் இறந்தவர்கள் 23 சதவீதம் மட்டுமே.

கடைசியாகச் சொன்ன எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. இறந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் மருத்துவமனைக்கு வெளியே இறந்திருந்தால், மருத்துவமனையில் எவ்வளவு நல்ல சிகிச்சை கொடுத்தாலும் அது அவர்களைத் தொடாது. பதிவான கேஸ் குறைவு என்று மருந்து குறைவாக வாங்கினால், கிராமத்துச் சுகாதார நிலையத்தில் மருந்து இருக்காது. மருந்து இல்லாத இடத்துக்கு மக்கள் வரமாட்டார்கள். வராததால் கேஸ் இன்னும் குறைவாகப் பதிவாகும். இந்தச் சுழலை உள்ளே இருந்து எந்தப் பதிவேட்டாலும் காட்ட முடியாது.

இத்தனைக்கும் மருந்து நம்மிடமே தயாராகிறது. நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் எதிரான மருந்துக்கான மூல விஷத்தில் பெரும்பகுதி, சென்னை அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்துதான் போகிறது.

2020-ல் வெளியான அடுத்த ஆய்வு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்களை எடுத்துக்கொண்டது. 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருக்கிறார்கள், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்பது அதன் முடிவு. நான்கில் ஒருவருக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இன்னொன்றையும் அது கண்டுபிடித்தது: மருத்துவமனைக்குள்ளேயே நடந்திருக்க வேண்டிய மரணங்களில்கூட சுமார் 10 சதவீதம்தான் அரசுக் கணக்கில் ஏறியிருந்தது. அதாவது ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்தவர்களும் காகிதத்தில் காணாமல் போயிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் முன்பே பார்த்த வழி

இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியதில் சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் பங்கு உண்டு. டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் 1990-களில் நடந்த 80,000 பெரியவர்களின் மரணங்களை இதே போல வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள். சென்னையில் 48,000, விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 32,000. இறந்த ஆண்கள் பீடி, சிகரெட் பிடித்தவர்களா என்பதையும் கேட்டு, உயிரோடு இருக்கும் ஆண்களோடு ஒப்பிட்டார்கள். இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் சுமார் பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று 2003-ல் தெரிய வந்தது இப்படித்தான். டி.பி. வார்டில் மட்டும் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

சரி, இந்த முறையில் ஓட்டையே இல்லையா?

இருக்கிறது. பாம்பு கடித்ததை யாரும் மறக்கமாட்டார்கள். எனவே அதில் வீட்டார் சொல்வதை நம்பலாம். காய்ச்சல் அப்படி இல்லை. இதே மில்லியன் டெத் ஸ்டடி, இந்தியாவில் 70 வயதுக்குள் ஆண்டுக்கு 2,05,000 பேர் மலேரியாவால் இறப்பதாக 2010-ல் சொன்னபோது பெரிய சர்ச்சை வெடித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு அப்போது 15,000 மட்டுமே. ரத்தப் பரிசோதனை இல்லாமல், குளிர்காய்ச்சல் வந்து இறந்தார் என்பதை வைத்து மலேரியா என்று எப்படிச் சொல்வது என்று அந்த நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆய்வாளர்கள் சொன்ன 1,25,000 முதல் 2,77,000 வரை என்ற அகலமான எல்லையே அந்தச் சந்தேகத்தின் அளவைக் காட்டும்.

மருத்துவமனைக் கணக்கு எப்போதும் குறைத்துத்தான் காட்டும் என்றும் நினைத்துவிடக் கூடாது. எச்.ஐ.வி விஷயத்தில் தலைகீழாக நடந்தது. கர்ப்பிணிகள் வரும் மையங்களிலும், பால்வினை நோய் கிளினிக்குகளிலும் எடுத்த ரத்தத்தை வைத்து, இந்தியாவில் 57 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி இருப்பதாக 2006-ல் மதிப்பிட்டார்கள். தேசியக் குடும்பநல சர்வேயின் மூன்றாவது சுற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் வீட்டிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் மதிப்பீடு சுமார் 25 லட்சமாக இறங்கியது. ஒரே வருஷத்தில் யாரும் குணமாகிவிடவில்லை. கேட்ட இடம் மாறியது, அவ்வளவுதான்.

இப்போது என்ன நிலை?

2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடிக்கான தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் மரணங்களைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகாவும், நவம்பரில் தமிழ்நாடும் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக அறிவித்தன. தமிழ்நாட்டில் 1939-ம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிப்பு இது. அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவமனைகளும் தகவல் தர வேண்டும். மற்ற மாநிலங்களும் இதைச் செய்யும்படி மத்திய சுகாதார அமைச்சகம் அந்த நவம்பர் கடைசியில் கடிதம் எழுதியது.

நல்ல நடவடிக்கைதான். எந்த மாவட்டத்தில், எந்த மாதத்தில், எத்தனை குப்பி தேவை என்பது இதனால் சீக்கிரம் தெரியவரும். ஆனால் "பாதியாகக் குறைப்போம்" என்றால், எதில் பாதி? பழைய ஆஸ்பத்திரி எண்ணிலா, 58,000-லா? பதிவு ஒழுங்காக நடக்கத் தொடங்கினால் முதல் சில வருஷங்களுக்கு எண்ணிக்கை ஏறவே செய்யும். அன்றைக்கு "பாம்புக்கடி மரணம் கிடுகிடு உயர்வு" என்று செய்தி வந்தால், உயர்ந்தது மரணமா பதிவா என்று பார்த்துவிட்டுப் பதறுவது நல்லது.

ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்கள் இந்தப் புதிய அறிவிப்பிலும் வரமாட்டார்கள். 2020-ல் நாட்டில் பதிவான மரணங்களில், மருத்துவர் சான்றோடு காரணம் குறிக்கப்பட்டவை 22.5 சதவீதம்தான். மற்ற மரணங்களில் ஒரு சிறு பங்கின் காரணத்தையாவது தெரிந்துகொள்ள, எஸ்.ஆர்.எஸ். ஊழியர்கள் குலுக்கலில் விழுந்த ஊர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.