வழியனுப்பும் பாட்டுக்கு மட்டும்தானா வன்னி?

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002 பெப்ரவரி 14 அன்று திரைக்கு வந்தது. எட்டு நாள் கழித்து, 22ஆம் திகதி, இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. படத்தின் கதை தொடங்குவது மாங்குளத்தில். பெற்ற தாயைத் தேடி வரும் சிறுமி வந்து சேர்வதும் மாங்குளத்துக்குத்தான். வன்னியில் ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிற அந்தச் சந்தி ஊரின் பெயரைத் தமிழ்நாட்டில் பலர் முதலில் கேட்டதே இந்தப் படத்தில்தான். ஆனால் படத்தில் வரும் மாங்குளம் தென்னிந்தியாவில் உருவானது. உண்மையான மாங்குளத்தில் ஒரு காட்சிகூட எடுக்கப்படவில்லை. எடுக்கிற நிலையும் இருக்கவில்லை. 1990 நவம்பரில் அங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1998இல் இராணுவம் ஊரை மீட்டது. 1999இல் அது மறுபடி புலிகளிடம் போனது. 2008 நவம்பரில் திரும்பவும் இராணுவத்திடம் வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் நான்கு முறை கைமாறிய ஊர் அது.

அந்தப் படத்தில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறும் இடத்தில் ஒலிக்கிறது ‘விடை கொடு எங்கள் நாடே’. ஏ.ஆர். ரகுமான் இசை, வைரமுத்துவின் வரிகள். பாடியவர்களில் முதன்மையானவர் எம்.எஸ். விஸ்வநாதன், அப்போது அவருக்கு 73 வயது. பயிற்சி பெற்ற பாடகரின் வழவழப்பு அந்தக் குரலில் கிடையாது. மேலே ஏறும்போது கம்முகிறது, அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பிடித்துத்தான் ஏறுகிறது. ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று திண்ணையில் அடம்பிடிக்கும் கிழவருக்கு இதைவிடப் பொருத்தமான குரல் கிடைத்திருக்காது. படத்துக்குக் கிடைத்த ஆறு தேசிய விருதுகளில் ஒன்று இசைக்கு, ஒன்று பாடல் வரிகளுக்கு.

திரையில் யாரும் வாயசைத்துப் பாடவில்லை. பாட்டு பின்னணியில் போகிறது, சனம் நடக்கிறது. மணிரத்னம் செய்த நல்ல காரியம் அது. இடம்பெயர்ந்த யாரும் பாடிக்கொண்டு போகவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் காலியானபோதும் சரி, 2008இன் பிற்பகுதியில் கிளிநொச்சி காலியானபோதும் சரி, காதில் விழுந்தவை வேறு. உழவு இயந்திரங்களின் உறுமல், பெட்டியில் ஏற்றிய கூரைத் தகரங்கள் ஒன்றோடொன்று அடிபடும் சத்தம், நெரிசலில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல்கள், தூரத்தில் விழும் ஷெல். இந்தச் சத்தங்களைச் சினிமாவின் வயலின்கள் மூடிவிடும். ஆனாலும் வன்னியில் பிறந்து இன்று கனடாவிலோ சுவிஸிலோ இருப்பவருக்கு அந்தப் பாட்டைக் கேட்டால் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. பாட்டின் வெற்றியை மறுப்பதற்கில்லை.

கேள்வி வேறு. திரையில் வன்னி வரும்போதெல்லாம் அது ஏன் எப்போதும் வெளியேறுகிற இடமாகவே வருகிறது?

2006இல் ஜான் மகேந்திரன் இயக்கி, நந்தாவும் மதுமிதாவும் நடித்த ‘ஆணிவேர்’ வன்னி மண்ணிலேயே எடுக்கப்பட்டது. அதிலும் போரும் இடப்பெயர்வும்தான் கதை. கான் விழாவில் 2015இல் தங்கப்பனை வென்ற ஜாக் ஓதியாரின் ‘தீபன்’ போரின் முடிவில் பிணங்கள் எரிவதோடு தொடங்கிப் பாரிஸ் புறநகருக்குப் போய்விடுகிறது. கேலம் மக்ரேயின் ‘நோ ஃபயர் சோன்’ ஆவணப்படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் வரும் இசைப்பிரியா வன்னித் தொலைக்காட்சியில் அறிவிப்பாளராகவும் நடிகையாகவும் இருந்தவர். அவரது வாழ்க்கையை வைத்துத் தமிழ்நாட்டில் எடுத்த ‘போர்க்களத்தில் ஒரு பூ’ படத்துக்கு 2015இல் தணிக்கைக் குழு சான்றிதழ் மறுத்தது. அவரது குடும்பத்தினரும் அந்தப் படத்தை விரும்பவில்லை. இவை எல்லாவற்றுக்கும் எடுக்கப்பட நியாயமான காரணம் உண்டு. ஆனால் வன்னியில் சனம் பாட்டோடு எப்படி வாழ்ந்தது என்பதை இவற்றைப் பார்த்து யாரும் அறிந்துகொள்ள முடியாது.

பாட்டோடு வாழ்ந்த கதை சின்னக் கதையல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பற்றரி கொண்டுபோக முடியாது. மின்சாரம் கிடையாது. ஆனால் வானொலி ஓடியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து வயர் வானொலிக்குப் போகும். சைக்கிள் டைனமோ தருவது ஆறு வோல்ட். நாலு சாதாரண பற்றரி சேர்ந்து தருவதும் அதே ஆறு வோல்ட். சுற்றுகிறவர் கை மாற்றும்போது செய்தி பாதியில் நிற்கும். பாட்டு என்றால் பல்லவி இங்கேயும் சரணம் எங்கேயோவும் கேட்கும். ஒரு பாட்டைக் கேட்க ஒரு ஆள் உழைக்க வேண்டியிருந்த காலம் அது. எந்தப் படத்திலாவது இந்தக் காட்சி ஒரு நிமிடம் முழுதாக வந்திருக்கிறதா?

படம் பார்ப்பதும் இப்படித்தான். தியேட்டர் இல்லாத ஊர்களில் ஜெனரேற்றர், தொலைக்காட்சிப் பெட்டி, டெக் மூன்றையும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் ‘படம் போடுவார்கள்’. காசு சேர்த்து எடுத்தது என்பதால் ஒரு இரவுக்குள் எத்தனை படம் முடியுமோ அத்தனையும் ஓடும். மூன்றாவது படத்தில் பாதிப்பேர் நித்திரை. பாட்டு வந்தால் மட்டும் எழும்புவார்கள்.

விடிய விடியப் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை வன்னிக்கு சினிமா கற்றுக்கொடுக்கவில்லை. அதற்கு முன்பே கூத்து இருந்தது. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பரவலாகக் காத்தவராயன் கூத்து. அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடுவது. ஹார்மோனியமும் உடுக்கும் தாளமும் போதும். காத்தானாக ஒருவரல்ல, பலர் வருவார்கள். சிறுவனாக ஒருவர், வளர்ந்தவராக இன்னொருவர். ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டோடுதான் மேடைக்கு வரும். நடையே தாளத்துக்கு அடி எடுத்து வைக்கிற சிந்து நடை. விடியும் நேரத்தில் காத்தான் கழுமரம் ஏறுவான். அதுவரை பாயில் படுத்துக் கிடந்த பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்புவதும் அப்போதுதான்.

இதோடு இசை நாடகமும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகள் இலங்கைக்கு வந்து ஆடிய காலத்தில் வேரூன்றிய கலை அது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சந்தித்ததே கொழும்பு நாடக மேடையில், 1920களில். காங்கேசன்துறையின் நடிகமணி வி.வி. வைரமுத்து (சினிமாப் பாட்டெழுதும் வைரமுத்து வேறு) அரிச்சந்திர மயான காண்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார். போர்க்காலப் பாடகராக வன்னியெங்கும் அறியப்பட்டு, 2017 பெப்ரவரியில் காலமான எஸ்.ஜி. சாந்தனும் மேடை நாடகங்களில் நடித்தவர்தான். அவர் குரலில் அந்தப் பயிற்சி தெரியும். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று பாடுகிற குரல் அது.

கண்ணகி கதையை எடுத்துக்கொண்டால் திரைக்கும் வன்னிக்கும் உள்ள இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழ் சினிமா அந்தக் கதையை இரண்டு முறை பெரிதாக எடுத்தது. 1942இல் பி.யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்த ‘கண்ணகி’. 1964இல் கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் ‘பூம்புகார்’, அதில் கவுந்தியடிகளாகக் கே.பி. சுந்தராம்பாள். 2016இல் சிங்களத்தில் சுனில் ஆரியரத்ன ‘பத்தினி’யை எடுத்தார், பூஜா உமாசங்கர் நடித்தார். தமிழ்நாட்டுப் படங்களுக்கு மதுரை எரிவதுதான் உச்சம். வன்னிக்கு அதற்குப் பிறகுதான் கதையே தொடங்குகிறது. கோபம் தணியாமல் கடல் கடந்து வந்த கண்ணகி ஒவ்வொரு இடமாகத் தங்கி, பத்தாவதாக நந்திக்கடல் ஓரத்தில் வந்து அமர்ந்தாள் என்பது ஐதீகம். அந்தப் பத்தாம் பளைதான் வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்பு நீரில் விளக்கெரிப்பார்கள். சனம் பாற்காவடி, தூக்குக்காவடியோடு வரும். பறையும் உடுக்கும் கேட்கும். ஒரு இசைப்படத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது, கமெரா ஒன்றைத் தவிர. அதே நந்திக்கடலைத்தான் போர் முடிந்த 2009 மே மாதச் செய்திகளில் உலகம் பார்த்தது.

2009 பெப்ரவரி மாதம் தனியாகப் பேசவேண்டியது. 8ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிசில் கிராமி விருது மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடிப்பாடினார் மாயா அருள்பிரகாசம், உலகுக்கு எம்.ஐ.ஏ. 22ஆம் திகதி ஒஸ்கார் மேடையில் ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்துக்காக ரகுமான் இரண்டு விருது வாங்கித் தமிழிலும் ஒரு வரி பேசினார். அந்தப் படத்தின் இன்னொரு பாட்டுக்கு ரகுமானும் மாயாவும் சேர்ந்தே பரிந்துரைக்கப்பட்டிருந்தார்கள். மாங்குளத்துக்காகப் பாட்டமைத்தவரும் ஈழத்துப் பிள்ளையும் ஒரே பட்டியலில். அன்றைக்கு மாங்குளத்துச் சனம் போரில் இடம்பெயர்ந்து மாத்தளன் பக்கம் தறப்பாளுக்குக் கீழே, பங்கருக்குள். ஒஸ்கார் ஒளிபரப்பை அவர்கள் பார்த்திருக்க வழியில்லை.

மாயாவைப் பற்றி ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்த ‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ 2018இல் சண்டான்ஸ் விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்றது. 2001இல் மாயா இலங்கைக்கு வந்து உறவினரோடு எடுத்த வீடியோக்கள்தான் படத்தின் உயிர். உரலும் கிணற்றடியும் பாட்டியும் வரும்போது படம் மூச்சுவிடுகிறது. சர்ச்சைகளுக்குப் போனதும் செய்தித் தொகுப்பாகிவிடுகிறது. அவர் ஒரு பாட்டை எப்படிக் கட்டுகிறார், பறை அடியை எங்கே வைத்தார் என்று உட்கார்ந்து காட்ட இயக்குநருக்குப் பொறுமை போதவில்லை. இசைக்கலைஞரைப் பற்றிய ஆவணப்படங்களில் இது அடிக்கடி காணும் குறை. வாழ்க்கை கிடைக்கும், வேலை கிடைக்காது.

வேலையைக் காட்டிய படங்கள் இல்லாமலில்லை. டோக்கிங் ஹெட்ஸ் குழுவின் மேடையை ஜோனதன் டெம்மி எடுத்த ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ (1984), பார்வையாளர் பக்கம் அநேகமாகத் திரும்பாமலே பாடுகிறவர்களின் உடம்பையும் கைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரகுமானே 2017இல் ‘ஒன் ஹார்ட்’ என்று தன் அமெரிக்கச் சுற்றுப்பயணக் கச்சேரிகளைப் படமாக்கினார். ஆனால் டெம்மியின் முறை காத்தவராயன் கூத்துக்குச் சரிவராது. அங்கே படுத்திருக்கிறவர், இடையில் எழும்பித் தேத்தண்ணிக் கடைக்குப் போகிறவர், பகிடிக்குக் கத்துகிறவர் எல்லோரும் நிகழ்ச்சியின் பாதி. அவர்களை விட்டுவிட்டால் பாட்டு மேடையில் தனியாக நிற்கும்.

எடுத்து வைத்தாலும் போதாது, காப்பாற்ற வேண்டும். 1969இல் நியூயோர்க்கின் ஹார்லமில் நடந்த இசை விழாவின் நாற்பது மணிநேரப் பதிவு ஐம்பது ஆண்டுகள் நிலக்கீழ் அறையில் கிடந்தது. பிறகுதான் ‘சமர் ஒஃப் சோல்’ ஆகி 2022இல் ஒஸ்கார் வாங்கியது. அந்த நாடாக்களுக்கு ஒரு அறையாவது இருந்தது. வன்னியில் கலியாண வீட்டு வீடியோ, கோயில் திருவிழாக் கசெற், பள்ளிக்கூட நாடகப் பதிவு எல்லாம் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று ஒவ்வொரு இடமாக விட்டுவிட்டு வந்த சாமான்களோடு போயின. போர் முடிந்து மெனிக் பாம் முகாமுக்குள் போனவர் கையில் அடையாள அட்டை இருந்தால் பெரிய விஷயம்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கிளிநொச்சி வரை ரயில் 2013இல் திரும்பி வந்தது. அதற்கும் முன்னரே கைத்தொலைபேசி வந்துவிட்டது. கோயில் முன்றலில் கூத்து நடந்தால் பத்து இளைஞராவது தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருப்பார்கள், ஒருவர் முகநூலில் நேரலை விடுவார். படம் பரவாயில்லை. சத்தம்தான் பிரச்சினை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் ஹார்மோனியம் கிழிகிறது. தள்ளி நின்றால் ஜெனரேற்றர் மட்டும் கேட்கிறது. அரீதா ஃபிராங்க்ளின் 1972இல் தேவாலயத்தில் பாடியதை எடுத்த சிட்னி பொலக், கிளாப் பலகை அடிக்காமல் விட்டதால் படத்தையும் ஒலியையும் பொருத்த முடியாமல் போய், ‘அமேசிங் கிரேஸ்’ வெளிவர 2018 ஆனது. அவருக்கே அந்தக் கதி என்றால் முள்ளியவளைப் பொடியனைக் குறை சொல்ல முடியாது.

ஒரு கூத்தை ஒழுங்காகப் பதிவதற்குச் செலவு என்று பார்த்தால் பெரிதில்லை. ஹார்மோனியத்துக்கு ஒரு மைக், உடுக்கடிப்பவருக்கு ஒரு மைக், பாயில் இருக்கிற சனத்தின் நடுவே ஒன்று. ஒலியைத் தனிக் கருவியில் பதிய வேண்டும், தொடக்கத்தில் ஒரு தரம் கை தட்டிக் காட்ட வேண்டும். மூன்று கமெரா போதும். ஒன்று கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரைவிட்டு இரவு முழுக்க அசையக்கூடாது. பாட்டுகள் இன்னும் பல இடங்களில் அவரிடம்தான் இருக்கின்றன, பாதி கொப்பியில், பாதி மனப்பாடமாக. கொப்பிகள் இடப்பெயர்வில் தொலைந்த இடங்களில் முழுவதும் மனப்பாடம்தான். அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.