பருந்தை எண்ணி என்ன பயன்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாக் மவுண்டன் என்றொரு மலை உண்டு. இலையுதிர் காலத்தில் பருந்து, கழுகு, வல்லூறு முதலியன அவ்வழியே தெற்கே செல்லும். கோழி திருடும் என்று முன்பு அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். எலி தின்பதை யார் நினைத்தார்கள்! ரோசாலி எட்ஜ் அம்மையார் 1934-ல் மலையைக் குத்தகைக்கு எடுத்து அதை நிறுத்தினார். அவ்வாண்டே எண்ணிக்கையும் தொடங்கியது. பாறை உச்சியில் அமர்ந்து, இனவாரியாக எண்ணி எழுதுவார்கள்.

வெண்தலைக் கழுகுக்கு நாலைந்து வயதில்தான் தலை வெளுக்கும். ஆகவே இளசைப் பிரித்து எண்ணலாம். போருக்குப் பின் டி.டி.டி. தெளிப்பு பெருகியது, கணக்கில் இளசுகள் வெகுவாகக் குறைந்தன. முதிர்ந்தவை வந்துகொண்டுதான் இருந்தன. அப்படியானால் குஞ்சு பொரிக்கவில்லை. ரேச்சல் கார்சன் 1962-ல் தம் நூலில் இக்கணக்கைச் சான்றாகக் காட்டினார். மருந்து மீன் வழியே கழுகின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலியச் செய்தது பின்னர் தெரிந்தது. 1972-ல் அங்கே டி.டி.டி. தடையாயிற்று. இப்போது இளசுகளும் கணக்கில் ஏறுகின்றன.