தயிரும் சுவாசப்பையும்

"தயிர் சளியைக் கூட்டும்" என்று கூறிக் குழந்தையின் கோப்பையை அப்பால் வைக்கும் தாய்மாரை நாம் அறிவோம். அதற்குத் தக்க சான்று இல்லை. மாறாக, நலந்தரும் பக்டீரியாக்கள் நெஞ்சுக்கும் துணைபுரியக்கூடும் என்று இன்றைய விஞ்ஞானம் கருதுகின்றது.

புளித்த பால் ஆயுளை வளர்க்குமென உருசிய விஞ்ஞானி மெச்னிக்கோவ் 1907ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எழுதினார். அவர் நோக்கியது குடலை. குடலுக்கும் சுவாசப்பைக்கும் தொடர்பு யாது?

கீரையிலும் தானியத்திலும் உள்ள நார்ப்பொருளைக் குடற் பக்டீரியாக்கள் புளிக்கச்செய்து கொழுப்பமிலங்களை ஆக்குகின்றன. அவை இரத்தத்திற் கலந்து, நோயெதிர்ப்புக் கலங்களின் சீற்றத்தைத் தணிக்கின்றன. 2014இல் சுவிற்சர்லாந்து ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு நார்ப்பொருள் மிகுந்த உணவை ஊட்டியபோது, ஒவ்வாமையால் அவற்றின் சுவாசப்பையில் எழும் அழற்சி குறைந்தது.

எலி வேறு, மனிதர் வேறன்றோ? மனிதரிடம் நடத்திய சோதனைகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் ஆய்வு 2022இல் வெளிவந்தது. தெரிந்தெடுத்த பக்டீரியாக்களை உட்கொண்டோருக்குத் தடிமன் போன்ற நோய்கள் ஓரளவு குறையலாம் என்பது அதன் முடிவு. வீட்டுத் தயிரும் அதே பயனைத் தருமென நாம் உறுதிகூற இயலாது. ஆஸ்துமா எனும் தொய்வை அது மாற்றும் என்பதற்கோ சான்றே இல்லை.

ஆகவே, தயிரும் கீரையும் உணவாகவே இருக்கட்டும். தொய்வுள்ள குழந்தைக்கு வைத்தியர் தந்த உள்ளிழுக்கும் மருந்தை, அவரைக் கேளாது ஒருநாளேனும் நிறுத்தலாகாது. கோப்பையையும் தள்ளவேண்டாம், மருந்தையும் தள்ளவேண்டாம்.