பாலமா, முகமா? ஓர் ஆங்கில மரபுத்தொடரை வியட்நாமிய மாணாக்கருக்கு விளக்குதல்

ஆங்கிலேயர் வழக்கில் 'உன் பாலங்களை எரிக்காதே' என்றொரு தொடர் உண்டு. பணியிலிருந்து விலகுவோனுக்கும், கூட்டு வாணிகத்தைப் பிரித்துக்கொள்வோனுக்கும், ஊரை விட்டுப் பெயர்வோனுக்கும் மூத்தோர் கூறும் அறிவுரை அது. போவதாயின் போ, ஆயின், பின்னொரு நாள் அவர்களை நாடிச் செல்ல இயலாதவாறு உறவைக் கெடுத்துவிட்டுப் போகாதே என்பது கருத்து. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எளிதாகத் தோன்றும் இத்தொடர், வியட்நாமிய மாணாக்கர் செவியில் வேறொரு பொருளைத் தந்துவிடக்கூடும்.

வியட்நாம் நமக்கு முற்றிலும் அயல்நாடன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்கால், புதுச்சேரி முதலிய ஊர்களிலிருந்து சென்ற தமிழர் பலர் சைகோன் நகரில் வாணிகம் நடத்தினர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் அங்கு எழுப்பிய பள்ளிவாசலும், தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலும், நகரின் பெயர் ஹோ சி மின் நகர் என மாறிய பின்னரும் நிலைத்து நிற்கின்றன. ஆதலின் அம்மொழியினரின் ஐயத்தை நம் ஐயமாகக் கொண்டு நோக்குதல் தகும்.

இத்தொடர் போர்க்களத்தைச் சார்ந்து பிறந்தது. ஆற்றைக் கடந்த படை, தான் கடந்த பாலத்தைத் தானே எரித்துவிடின் பின்வாங்க வழியில்லை. படகுகளை எரித்தல் என்பதும் இதன் இணைத்தொடரே. கி.பி. 711-இல் தாரிக் இப்னு ஸியாத் ஸ்பெயின் கரையில் இறங்கித் தம் கப்பல்களை எரித்தார் என்னும் கதை நம்மில் பலரும் கேட்டதே; எனினும் அது பிற்கால நூல்களிலேயே காணப்படுகிறது. 1519-இல் மெக்சிகோக் கரையில் கோர்த்தேஸ் தன் கப்பல்களைப் பயன்படாதபடி செய்தானேயன்றி எரிக்கவில்லை. கதை சொல்வோர்க்கு நெருப்பின்மேல் ஏனோ தனி விருப்பம்! எவ்வாறாயினும், பின்வாங்காத துணிவைக் குறித்த தொடர், இன்று பெரும்பாலும் உறவு முறிவைக் குறிக்கவே வழங்குகிறது.

இனி வியட்நாமியத்திற்கு வருவோம். அம்மொழியிலும் பாலம் பற்றிய மரபுத்தொடர் ஒன்று உண்டு. 'குவா கௌ ரூத் வான்' என்பது அது. குவா என்பது கடத்தல், கௌ, பாலம், ரூத், உருவுதல், வான், பலகை. பாலத்தைக் கடந்தபின் பலகையை உருவிவிடுதல் என்பது நேர்பொருள். மெக்கோங் ஆற்றுக் கழிமுகத்தில் ஒற்றை மூங்கிலால் அமைந்த பாலங்களைக் 'குரங்குப் பாலம்' என்பர். அத்தகைய நாட்டில் இவ்வுவமை எவ்வளவு உறைக்கும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. ஆனால் இத்தொடர் சுட்டும் குற்றம் வேறு. தன்னைக் கரையேற்றியவரைத் தன் காரியம் முடிந்ததும் கைவிடும் நன்றியின்மையே அது.

விளைவைக் கருதுக. முறைப்படி பணிவிலகல் கடிதம் எழுதும் ஓர் இளைஞனிடம், நலம் விரும்பும் ஆங்கில நண்பர் 'பாலத்தை எரிக்காதே' என்கிறார். அவன் செவியில் விழுவது, 'நீ நன்றி கெட்டவன் ஆகிவிடாதே' என்பது. அறிவுரை பழிச்சொல்லாகிவிடுகிறது. எச்சரிக்கை கூறிய நட்பே இதனால் முறியவும் கூடும்.

தமிழ் மாணாக்கர்க்கும் இவ்விடர் உண்டு. ஏறிய ஏணியை எட்டி உதைத்தல் என்பது நம் வழக்கு. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்னும் பழமொழியும் அவ்வகையினதே. ஆறு, பாலம், ஏணி என்றாலே நம் மனம் நன்றியை நாடுகிறது. எனவே பாலத்திற்குப் பாலத்தைத் தேடும் மொழிபெயர்ப்பு ஈண்டு உதவாது. யார் யாருக்கு என்ன செய்கிறார், அச்சொல் எந்த நேரத்தில் பிறக்கிறது என்று காண்பதே வழி.

அதற்குக் கொல்லிமலைக்குச் செல்வோம். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் சோளக்காட்டை அடையலாம். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் விளையும் அம்மலையின் சந்தையூர். மலைவாழ் முதியவர் ஒருவருக்கும் சமவெளியிலிருந்து வந்த வியாபாரிக்கும் மிளகின் எடை குறித்துப் பூசல் எழுந்ததாகக் கொள்வோம். குரல் உயர்கிறது. அருகில் நிற்பவர் என்ன சொல்வார்? "விடுங்கண்ணே, நாளப்பின்ன ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் முழிக்க வேண்டாமா?" என்பார். ஆங்கிலேயர் பாலத்தால் சொன்னதைத் தமிழர் முகத்தால் சொல்லிவிட்டார். இதில் நன்றிக்கு இடமில்லை. இருவரும் ஒருவர்க்கொருவர் கடன்பட்டவர் அல்லர். அடுத்த சந்தை நாளில் மிளகும் வரும், வியாபாரியும் வருவார், அவ்வளவே. முகத்தை முறித்துப் பேசாதே என்பதும் இவ்வழி வந்ததே.

வியப்பு யாதெனில், வியட்நாமியரும் இவ்விடத்தில் முகத்தையே பேசுகின்றனர். அவர்தம் மொழியில் முகம் 'மத்' எனப்படும். உறவை அறவே அறுத்துக்கொள்வதை 'தூ மத்', அதாவது முகத்தைத் துறத்தல் என்பர். இனி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்பதும் அவர்கள் வீட்டுப் பேச்சு. ஆகவே ஆசிரியர் பலகையை மறக்கச் செய்து, முகத்தை நினைப்பூட்டினால் போதும். ஆங்கிலத் தொடர் ஒரு நொடியில் விளங்கிவிடும். பழத்தை உண்பவன் மரம் நட்டவனை நினைக்கவேண்டும் என்னும் அவர்களின் நன்றிப் பழமொழியை, நம் உப்பிட்டவரை நினைத்தலோடு சேர்த்து வேறொரு நாள் பாடத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

அரபு மொழியில் 'முஆவியாவின் மயிரிழை' என்பதும் இக்கருத்தினதே. தமக்கும் மக்களுக்கும் இடையே ஒரு மயிரிழையே எஞ்சினும் அதனை அறவிடேன். அவர்கள் இழுத்தால் தளர்த்துவேன், தளர்த்தினால் இழுப்பேன் என்று முஆவியா கூறியதாக வழங்கும் உரையினின்று பிறந்தது அது. ஆங்கிலத் தொடர் செய்யாதே என்று நிறுத்திக்கொள்ள, இது செய்யும் முறையையும் காட்டுகிறது. என் கருத்தில் இதுவே நுட்பமானது.

ஒன்று எஞ்சுகிறது. துணிந்து இறங்கிவிட்டான், திரும்பமாட்டான் என்னும் பழைய பொருளில் ஆங்கிலத் தொடர் வருமிடங்களும் உண்டு. ஆங்கு முகம் பயன்படாது. கி.மு. 207-இல் சீனத் தளபதி சியாங் யூ சமையற் கலங்களை உடைத்துப் படகுகளை மூழ்கடித்த செய்தி தொடராகி வியட்நாமியத்திலும் வழங்குகிறது. அவ்விடத்தில் அதனையே எடுத்துக்காட்ட வேண்டும்.