தேன் பாட்டிலின் பின்பக்கம்

அமெரிக்கர்கள் சுட்ட இறைச்சியின் மேல் ஊற்றிக்கொள்ளும் பார்பிக்யூ சாஸ் 100 கிராமில் ஏறத்தாழ 33 கிராம் சர்க்கரையும் 170 கிலோகலோரி ஆற்றலும் இருக்கின்றன. நம் வீடுகளுக்கு வந்துவிட்ட தக்காளி சாஸில் சர்க்கரை 20 கிராமுக்குச் சற்று மேல். இந்த எண்களைக் காட்டித்தான் பிள்ளைகளிடமிருந்து சாஸ் பாட்டிலைப் பிடுங்கி வைக்கிறோம். அதே அலமாரியில் இருக்கும் மார்த்தாண்டம் தேனின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் 100 கிராமில் சர்க்கரை 80 கிராமை ஒட்டி இருக்கும். ஆற்றல் 300 கிலோகலோரியைத் தாண்டும். சாஸில் உப்பு மிகுதி, தேனில் அது இல்லை என்பது தேனுக்கு உண்மையிலேயே சாதகமான வேறுபாடு. ஆனால் சர்க்கரைக் கணக்கில் தேன் சாஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நிற்கிறது. தேனைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. குமரி மாவட்டத்துத் தேனின் பெருமை ஊட்டச்சத்து அட்டவணையில் இல்லை. அதை அங்கே தேடுபவர்கள், நல்லெண்ணத்தோடு தேடினாலும், அந்தத் தேனுக்கே கெடுதல் செய்கிறார்கள் என்பது என் வாதம்.

பெருமை எங்கே இருக்கிறது என்பதை அறிய, அது உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் மரங்கள் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கின்றன. ரப்பர் இலைக்கு ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள். அவை காம்போடு சேரும் இடத்தில் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன; இளம் இலை முதிரும் சில வாரங்களில் அவற்றிலிருந்து இனிப்பு நீர் சுரக்கிறது. குமரித் தேனில் பெரும்பங்கு இந்த இலைக்காம்பு நீரிலிருந்து வருவது, பூவிலிருந்து அன்று! நம் மரப்பெட்டிகளில் வாழும் இந்தியத் தேனீ அதை உறிஞ்சித் தன் தேன் பையில் சுமந்து வருகிறது. அதன் உமிழ்நீரிலுள்ள நொதி, கரும்புச் சர்க்கரை வகையான சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. பிறகு கூட்டிலுள்ள ஈக்கள் வாய்மாற்றி வாய்மாற்றி, சிறகால் விசிறி நீரை வற்றவைத்து, முதிர்ந்த அறைகளை மெழுகால் மூடுகின்றன. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், ஏழை உழவர்களின் துணைத்தொழிலாக இந்தப் பெட்டித் தேனீ வளர்ப்பை ஊன்றினார். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் கூடுகளைக் காலி செய்தபோது இங்கேயும் தொழில் ஏறக்குறைய அழிந்தது. தப்பிப் பிழைத்த கூடுகளிலிருந்து பெருக்கி மீட்டவர்கள் இந்த மாவட்டத்து வளர்ப்போர்தாம். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததன் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

இனி அட்டவணைக்கு வருவோம். தேனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர். ஃபிரக்டோஸ் 38 விழுக்காடு, குளுக்கோஸ் 31 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி மால்டோஸ் முதலிய பிற சர்க்கரைகள். புரதம் அரைக் கிராம்கூட இல்லை, கொழுப்பு இல்லை. இரும்பும் பொட்டாசியமும் இருக்கின்றனவே என்று உடனே ஒரு மறுப்பு வரும். இருக்கின்றன, எவ்வளவு என்பதுதான் கேள்வி. 100 கிராம் தேனில் இரும்பு அரை மில்லிகிராமுக்கும் குறைவு. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரை. அதைத் தேனிலிருந்தே பெற வேண்டுமானால் அவள் அன்றாடம் ஏழு கிலோ அளவுக்குத் தேன் குடிக்க வேண்டும். ஒரு பிடி கீரையோ, மதியச் சோற்றோடு நாலு சாளை மீனோ தருவதைத் தேன் தராது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தேன் கனமானது, ஒரு தேக்கரண்டித் தேனில் இருக்கும் சர்க்கரை, ஒரு தேக்கரண்டிச் சீனியில் இருப்பதைவிட அதிகம். பாட்டிலில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை 0’ என்று அச்சிட்டிருப்பது பொய்யில்லை, யாரும் சேர்க்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குறைக்கச் சொன்ன சர்க்கரைகளின் பட்டியலில் தேனும் உண்டு. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி உண்பவருக்கு அந்தச் சர்க்கரைகளின் உச்ச வரம்பு 50 கிராம். முடிந்தால் 25 கிராம். காலையில் வெந்நீரில் கலக்கும் ஒரு மேசைக்கரண்டித் தேனிலேயே 17 கிராம் போய்விடும்.

தேன் மருந்தல்லவா, அதைச் சர்க்கரையோடு சேர்த்துப் பேசலாமா என்பது இதைவிட வலுவான மறுப்பு. தேனின் அடர்த்தியும் அமிலத்தன்மையும் கிருமிகளை வளரவிடுவதில்லை. தேனீ சேர்த்த நொதி ஒன்று நீர்த்த தேனில் ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்குகிறது. ஒரு வயதைக் கடந்த குழந்தைகளின் இரவு இருமலைத் தேன் ஓரளவு தணிப்பதாக ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இவற்றை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் இருமலுக்கு ஒரு கரண்டி என்பது மருந்தின் அளவு. தினமும் தோசைக்கும் பாலுக்கும் ஊற்றுவது உணவின் அளவு. முதலாவதன் நற்பெயரைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது. நீரிழிவுக்காரர் சீனியை விட்டுத் தேனுக்கு மாறினால் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் சற்றே குறையலாம்; ஏறாமல் இருக்காது. பச்சிளம் குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எவ்வளவு தூய தேனிலும் பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர் குடல் அவற்றைத் தாங்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடல் தாங்காது. எந்த மூத்தவர் ஆசையாகக் கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஊட்டச்சத்து என்று பேசுவது தேனுக்கே கெடுதல் என்றேன். காரணம், அட்டவணையால் தேனையும் சர்க்கரைப் பாகையும் பிரித்துக் காட்ட முடியாது. அரிசியிலிருந்தோ சோளத்திலிருந்தோ தயாரித்த பாகைக் கலந்தாலும் ஆற்றல், மாவுச்சத்து, சர்க்கரை, புரதம் என எல்லா வரிகளும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 2020-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனியில் சோதிக்க வைத்தபோது, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் 10 தேறவில்லை என்று அறிவித்தது. நிறுவனங்கள் அதை மறுத்தன. எது எப்படியானாலும், அவ்வளவு நுட்பமான கருவி தேவைப்பட்ட வேறுபாட்டைச் சத்துக் கணக்கு காட்டாது. சத்துக்காகத்தான் தேன் என்றால் மலிவான பாகே போதும், பெட்டி சுமக்கும் வளர்ப்பவர் தேவையில்லை என்ற இடத்தில்தான் அந்தப் பேச்சு போய் முடியும்.

நேர்மையான தேனை எடை போட உதவும் செய்திகள் வேறு. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. குமரியின் ஈரக்காற்றில் இந்தியத் தேனீயின் தேன் அந்த எல்லையை எளிதில் தாண்டிப் புளிக்கத் தொடங்கும். அதனால் இங்கே பதப்படுத்துபவர்கள் தேனைச் சூடாக்கி நீரைக் குறைக்கிறார்கள். சூடு மிகுந்தால் நொதிகள் அழியும், ஹெச்.எம்.எஃப். என்ற சேர்மமும் கூடும். ரப்பர் தேனில் குளுக்கோஸ் மிகுதி, சீக்கிரம் உறைந்து மணல்மணலாகிவிடும். கலப்படம் என்று அதைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் பலர். இளஞ்சூட்டு நீரில் பாட்டிலை நிறுத்தினால் அது பழையபடி இளகும். எந்த மரத்துத் தேன், எந்த மாதம் எடுத்தது, ஈரப்பதம் எவ்வளவு, எந்தச் சூட்டில் பதப்படுத்தியது என்று நான்கு வரிகள் பாட்டிலில் இருக்கட்டும். கடைக்காரரிடம் கேட்கத் தொடங்கினால் அச்சிடத் தொடங்குவார்கள்.